நாளைக்கு ஓவியாவுக்கு சயின்ஸ்

குழு: பெரிய வீடு, திண்டுக்கல்

கவிதா 5:48
ஓவியாவுக்கு நாளைக்கு சயின்ஸ் பரீட்சை. எனக்கு திடீர்னு நைட் டூட்டி போட்டுட்டாங்க. இவங்க கடையடைச்சு வர ஒம்பதரை ஆகும். யாராச்சும் அவளுக்கு ரிவிஷன் பண்ணி விடுங்களேன்

கார்த்தி 5:50
எந்தப் பாடம் சித்தி

கவிதா 5:51
முழு புக்கும். செல், ஒளிச்சேர்க்கை, பாறை, வெப்பம், கோள்கள், கிரகணம். அப்பத்தா போன்ல இருப்பா

செல்வி 5:52
பெரியண்ணன் எதுக்கு இருக்கார். 34 வருசம் சயின்ஸ் வாத்தியார்

சரோஜா 5:53
குளிக்கிறார். எல்லாரும் போனை சார்ஜ்ல போட்டுக்குங்க

ராஜாங்கம் 6:10
அன்பு ஓவியாவுக்கு, பெரியப்பா எழுதுகிறேன். முதலில் பாறை. வகை மூன்று. பாறைக்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. வெப்பமும் அழுத்தமும் ஒரு பாறையை உருக்காமலே வேறாக்கினால் உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆவது இப்படித்தான். கிரானைட் தீப்பாறை. பூமிக்கடியில் நிதானமாக ஆறியதால் அதன் படிகங்கள் பெரியவை, கண்ணுக்கே தெரியும். நம் வீட்டு ஆட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார், கறுப்பும் வெள்ளையுமாய் மினுங்கும்.

செல்வி 6:12
எந்த ஆட்டுக்கல்

செல்வி 6:12
புள்ள எங்க போய் தண்ணி தெளிப்பா? அது நத்தத்துல உங்க கொல்லையில கெடக்கு

சரோஜா 6:14
கெடக்கலை. பத்திரமா இருக்கு. அத்தைதான் எடுத்துட்டுப் போன்னாங்க

செல்வி 6:14
எங்கிட்ட வேற சொன்னாங்க மதினி

முருகேசன் 6:15
ஆரம்பிச்சாச்சா

கார்த்தி 6:15
தீப்பாறை பத்திக்கிச்சு

முருகேசன் 6:16
ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு வேன் சொல்லணும். எத்தனை பேர்னு யாராவது சொல்லுங்க

அப்பத்தா போன் 6:20
ஓவியா பேசுறேன். சூரியன் நமக்குக் கிட்ட வர்றதாலதான் மே மாசம் வெயிலா?

கார்த்தி 6:20
ஆமா

ராஜாங்கம் 6:27
இல்லை. இவன் இன்ஜினீயர் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள். பூமி சூரியனுக்கு மிகவும் அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலையில்தான் தூரம் அதிகம், 15.2 கோடி. அப்படியானால் கொடைக்கானலில் மார்கழியில் ஏன் கம்பளி போர்த்துகிறோம்? பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. சித்திரையில் நம் ஊருக்கு நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே. மார்கழியில் தெற்கே சரிந்து போகிறான், வெயில் சாய்வாக விழுகிறது. டார்ச்சை நேராக அடித்துப் பார், சாய்த்து அடித்துப் பார்.

கார்த்தி 6:28
சாரிப்பா

முருகேசன் 6:29
வேன்

ராஜாங்கம் 6:41
அடுத்து கோள்கள். எட்டு. 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கியது. அதுவரை நானே ஒன்பது என்றுதான் நடத்தினேன். வகுப்புச் சுவரில் தொங்கிய படத்தில் புளூட்டோ மேல் பழைய காலண்டர் தாளை வெட்டி ஒட்டினேன். மறுநாளே பையன்கள் பிய்த்துவிட்டார்கள்.

சரோஜா 6:42
அந்தப் படமும் இங்கதான் பரண்ல இருக்கு

செல்வி 6:42
அதையும் எடுத்தாச்சா

அப்பத்தா போன் 6:45
குரல் பதிவு 0:38

கார்த்தி 6:47
அப்பத்தா சொல்றது: கோயில்ல ஒம்பது கிரகத்தைத்தானே சுத்துறோம், இவன் யாரு எட்டுங்கறதுக்கு

அப்பத்தா போன் 6:49
பெரியப்பா, எல்லா பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வர மாட்டேங்குது?

ராஜாங்கம் 7:02
சபாஷ். அம்மாவுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்தது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அதனருகே பௌர்ணமி வந்தால் சந்திர கிரகணம், அமாவாசை வந்தால் சூரிய கிரகணம். அந்தப் புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். பாம்பு கிடையாது, கணக்கு. நம் ஊரிலேயே பார்த்தோமே, 2019 டிசம்பர் 26, வளைய கிரகணம். நிலா தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுதாக மூட முடியவில்லை, ஓரம் வளையலாய் மின்னியது.

செல்வி 7:03
பார்த்தோமா?

செல்வி 7:03
யாரு பார்த்தது

கார்த்தி 7:04
ஐயோ

செல்வி 7:07
தலைப்பிரசவத்துக்கு வந்தவளை காலைல எட்டு மணிக்கு உள் ரூம்ல போட்டுப் பூட்டினீங்க. மதினி சன்னல் இடுக்குல எல்லாம் தினத்தந்தி ஒட்டுச்சு. பதினொன்னரைக்குத்தான் கதவைத் திறந்தீங்க. ஒரு தோசை கூடக் கிடையாது. வெளிநாட்டுக்காரன்லாம் கேமராவோட திண்டுக்கல் வந்தான், நான் திண்டுக்கல்லுக்குள்ளயே இருந்துக்கிட்டு பார்க்கலை. நீங்க ஸ்கூல் மைதானத்துல பிள்ளைகளுக்கு அட்டையில ஓட்டை போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தீங்க

சரோஜா 7:08
ஒட்டச் சொன்னது அத்தை

ராஜாங்கம் 7:15
அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

செல்வி 7:15
எப்ப? கிரகணம் விட்ட பிறகா

அப்பத்தா போன் 7:19
குரல் பதிவு 0:12

கார்த்தி 7:20
"புள்ள நல்லாத்தானே பொறந்தான். அப்ப பூட்டினது சரிதானே"

கவிதா 7:21
அக்கா விடுங்க. பூட்டாம இருந்தாலும் விஷ்வா இப்படியேதான் சுவர்ல ஏறிக்கிட்டு இருந்திருப்பான்

கார்த்தி 7:24
அத்தை, 2031 மே 21 மறுபடி வளையம். மதுரைப் பக்கமே தெரியும்

செல்வி 7:24
அன்னைக்கு சாவி எங்கிட்ட

முருகேசன் 7:40
12 பேரா 17 பேரா

சரோஜா 7:44
எங்க வீட்டுல மூணு. கார்த்தி வந்தா

கார்த்தி 7:44
பார்க்கலாம்

கவிதா 9:36
டீ குடிக்க வந்தேன். ரிவிஷன் முடிஞ்சுதா?

அப்பத்தா போன் 9:38
அம்மா, செல்லு, ஒளிச்சேர்க்கை, வெப்பம் மூணும் யாரும் சொல்லவே இல்ல. கிரகணம் மட்டும் நல்லா தெரியும்

கவிதா 9:38
பெரிய மாமா

சரோஜா 9:40
தூங்கிட்டார். காலைல அஞ்சு மணிக்கு எழுதுறேன்னு சொல்லச் சொன்னார்

கார்த்தி 9:41
ஓவியா, செல் சுவர் தாவரத்துக்கு உண்டு, நமக்கு இல்ல. மீதி அப்பா

அப்பத்தா போன் 9:41
அது தெரியும் அண்ணா

முருகேசன் 9:52
வந்துட்டேன். 17 சீட்டே சொல்லிடறேன்

செல்வி 9:53
அப்ப எடம் இருக்கும்ல. வர்றப்ப ஆட்டுக்கல்லை வேன்ல ஏத்திக்கிட்டு வாங்க மதினி

சரோஜா 9:58
குழவி மட்டும்னா பார்க்கலாம்