மறு: ‘சப்மக்சிமல்’ சைக்கிள் சோதனை – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில், ஆளை முழு உச்சம் வரை உழைக்க விடாமல் அவருடைய உடற்தகுதியை மதிப்பிடும் ‘சப்மக்சிமல்’ (submaximal) சோதனைக்குத் தமிழ்ப்பெயர் கேட்ட இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் வாசித்தேன். ‘உப உச்ச’, ‘குறையுச்ச’, ‘பெருமத்துக்குட்பட்ட’ ஆகிய மூன்றும் சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் எது உச்சத்துக்குக் குறைவு என்பதை மூன்றுமே சொல்லவில்லை. இந்தச் சோதனையில் குறைவாக இருப்பது ஆளிடம் நாம் வாங்கும் உழைப்பு மட்டும்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டு எடுப்பதோ அவருடைய உச்சத்தை. இந்த இரண்டும் குழம்பாத ஒரு சொல் வேண்டும்.

நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்தில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பார்ப்பவன். சோதனைக்கு வருகிறவர்கள் கையில் தமிழில் ஒரு விளக்கத்தாள் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘குறையுச்சச் சோதனை’ சுருக்கமாக இருக்கிறது, சீக்கிரம் பழகிவிடும்.

கோவை அக்கா, சுருக்கம்தான், மறுக்கவில்லை. உங்கள் மடலைப் பார்த்ததும் ஒரு வரைவுத்தாளில் அதையே போட்டுப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஓர் அம்மா தாளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். “தம்பி, எனக்கு ஏதோ குறைன்னு போட்டிருக்கே” என்று கேட்டார். அப்போது அவர் இன்னும் சைக்கிளில் ஏறக்கூட இல்லை. நம் காதில் ‘குறை’ என்றால் முதலில் விழுவது ஊனம், பழுது என்ற பொருள்தான். நோயாளி கையில் கொடுக்கும் தாளில் அந்தச் சொல் வேண்டாம்.

‘உப’ இலங்கையில் வேறு வேலை பார்க்கிறது. உப தலைவர், உப தபாலகம், உப குழு என்று எதற்கோ கீழே இருப்பதைக் குறிக்கத்தான் அதைப் பழகியிருக்கிறோம். ‘உப உச்சம்’ என்றால் பெரிய உச்சத்துக்கு அடுத்து இன்னொரு சின்ன உச்சம் இருப்பதுபோலத் தொனிக்கிறது. ‘பெருமம்’ தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் நல்ல சொல். எங்கள் பிள்ளைகள் அதே இடத்தில் ‘உயர்வு’, ‘இழிவு’ என்று படிக்கிறார்கள். ‘உச்சம்’ மட்டும் இரண்டு கரையிலும் செல்லும்.

சரி, சோதனையில் உண்மையில் நடப்பது என்ன? சுவீடனில் ஓஸ்ட்ராண்ட், ரூமிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1954இல் வெளியிட்ட முறையையே எடுத்துக்கொள்வோம். ஆள் நிமிடத்துக்கு 50 சுற்று என்ற வேகத்தில், மாறாத பாரத்தில், 6 நிமிடம் மிதிக்கிறார். 5ஆம், 6ஆம் நிமிட இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் 5 துடிப்புக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் கொஞ்சம் மிதிக்க வைக்கிறோம். துடிப்பு 125க்கும் 170க்கும் இடையில் நிலைத்து நிற்க வேண்டும். பிறகு வேலையின் அளவையும் துடிப்பையும் அவர்களுடைய வரைபடத்தில் வைத்து, உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பை, அதாவது உடல் ஒரு நிமிடத்தில் ஆகக்கூடியது எவ்வளவு ஒட்சிசனை எடுத்துச் செலவழிக்கும் என்பதை, வாசித்து எடுக்கிறோம். ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் முறையில் 3 நிமிடப் படிகளாகப் பாரம் ஏறும். 110க்கும் 150க்கும் இடையில் குறைந்தது இரண்டு துடிப்புப் புள்ளிகளை எடுத்து, அவற்றின் வழியே ஒரு கோட்டை இழுத்து, 220இலிருந்து வயதைக் கழித்து வரும் துடிப்பு வரை (அந்த வயதின் உச்சத்துடிப்பாகக் கொள்வது அதைத்தான்) நீட்டுகிறோம். கோடு அங்கே எந்த வேலையளவைத் தொடுகிறதோ அதிலிருந்துதான் உச்சம் கணக்காகிறது.

கோடு உச்சத்தைத் தொடுகிறது, ஆள் தொடுவதில்லை. இந்த முறைகளின் சாரமே இதுதான். ஆகவே நான் முன்வைக்கும் சொல்: உச்சந்தொடாச் சோதனை. முழுதாகச் சொன்னால், ‘உச்சந்தொடாச் சைக்கிள் சோதனை’.

வாடாமல்லி, பொய்யாமொழி என்று நாம் எந்நேரமும் புழங்கும் எதிர்மறைப் பெயரெச்சம்தான் இது. இலக்கணம் கற்பிக்காமலே யாருக்கும் புரியும். வேண்டுமென்றே தொடாமல் விடுகிறோம் என்பதும் சொல்லுக்குள் இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு நடக்கப் பழகும் ஒருவருக்கு அது பெரிய ஆறுதல். “உச்சம் வரைக்கும் போகமாட்டோம், அதுக்கு முன்னாலேயே நிப்பாட்டிருவோம்” என்று தாளே சொல்லிவிடுகிறது. எதிர்ப்பக்கத்துக்கு ‘உச்சந்தொடு சோதனை’ என்று வைத்துக்கொள்ளலாம். மூச்சுக்காற்றை முகமூடியில் பிடித்து அளந்து, ஆள் இனி முடியாது என்று சொல்லும் வரை போகிற சோதனைக்கு அது பொருந்தும்.

> ‘மதிப்பிடல்’ வேண்டாம், ‘கணிப்பீடு’ என்று போடலாமே?

யாழ்ப்பாணத்து ஐயா, உச்சத்தைக் கணக்குப் போட்டு எடுப்பதற்கு நீங்கள் சொல்லும் ‘கணிப்பீடு’ இங்கே பள்ளிக்கூடத்துச் சொல்லாகிவிட்டது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்றுதான் பெற்றோர் அதை அறிவார்கள். ‘மதிப்பிடல்’ இருக்கட்டும், ‘அளத்தல்’ மட்டும் கூடாது. இந்த எண் அளந்தெடுத்ததல்ல என்பது தாளில் தெளிவாகத் தெரிய வேண்டும். 40 வயதுக்காரருக்கு 180 என்று சூத்திரம் சொல்லும். ஆனால் அதே வயதில் ஒருவரின் உண்மையான உச்சத்துடிப்பு 168ஆக இருக்கலாம், இன்னொருவருக்கு 192ஆக இருக்கலாம். கோட்டை நீட்டும்போது அந்தப் பிழையும் கூடவே நீளுகிறது. பிரஷருக்கு அட்டனோலோல் போன்ற குளிசை எடுப்பவருக்குத் துடிப்பு மருந்தாலேயே தணிந்திருக்கும். அவருக்கு இந்தக் கணக்கு தகுதியை மிகைப்படுத்திக் காட்டிவிடும்.

எங்கள் மலையகத்தில் இதோடு இன்னும் சில சேர்கின்றன. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கொழும்பிலிருந்து காலையில் வந்தவரை அங்கே பின்னேரம் மிதிக்க வைத்தால், அதே பாரத்துக்குத் துடிப்பு கூடுதலாக ஏறும், மதிப்பீடு இறங்கும். சோதனைக்கு முன் சில மணிநேரம் கோப்பியோ தேயிலையோ குடிக்கக்கூடாது என்பது விதி. சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) குடிக்காமல் வேலைக்கு இறங்காத ஊரில் இதைத் தாளின் முதல் வரியிலேயே போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ‘சைக்கிள்’ என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்தே வளர்ந்த ஒருவரையும், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மலைக்கு ஏறி இறங்கியே வளர்ந்த ஒருவரையும் ஒரே இருக்கையில் ஏற்றிப் பாருங்கள். எங்கள் சரிவுகளில் சைக்கிள் பழகியவர்கள் குறைவு. நெஞ்சு இளைப்பதற்கு முன்பே தொடை எரியத் தொடங்கிவிடும். கொழுந்து மூட்டையோடு மேட்டில் சளைக்காமல் ஏறுகிற பெண், மெட்ரோனோம் (சீரான தாளம் தட்டும் கருவி) தட்டுக்கு மிதிக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய தகுதியில் எந்தக் குறைச்சலும் இல்லை, பொறிதான் அவருக்குப் புதிது. எந்தப் பொறியில் பார்த்தது என்பது பெயரிலேயே இருந்தால்தான், முடிவைப் படிக்கிற வைத்தியர் அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்வார்.

‘துவிச்சக்கரவண்டி’ என்று போடச் சொன்ன நண்பருக்கு: இந்தப் பொறிக்கு இருப்பது ஒரே சக்கரம். ஓடவும் ஓடாது. ஆகவே துவிச்சக்கரமும் பொருந்தாது, வண்டியும் பொருந்தாது. பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சைக்கிள் வேலைமானி’ என்று வைக்கலாம். வெப்பமானி தெரிந்தவருக்கு வேலைமானியும் விளங்கும். 2 கிலோ பாரத்தில், சுற்றுக்கு 6 மீற்றர் வீதம் 50 சுற்று என்றால் நிமிடத்துக்கு 600 கிலோகிராம்-மீற்றர், ஏறக்குறைய 100 வாட். அதைத்தான் அந்த மானி காட்டுகிறது.

அடுத்தது ‘ஏரோபிக் பிட்னஸ்’. இதற்குச் சொல்லப்படும் ‘மூச்சுத்திறன்’ கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடறுகிறது. மூச்சு என்றதும் குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனைதான் நினைவுக்கு வரும். இங்கே பார்ப்பது நுரையீரல், இதயம், இரத்தம், தசை எல்லாம் சேர்ந்து ஒட்சிசனைக் கொண்டுபோய்ச் செலவழிக்கும் வல்லமையை. அப்புறம் ‘திறன்’ தமிழ்நாட்டு இயற்பியலில் வாட்டில் அளக்கும் கணியம், நாங்கள் அதை ‘வலு’ என்கிறோம். வாட்டும் தகுதியும் ஒரே தாளில் வரும்போது அந்தச் சொல் சிக்கலாகும். பாடப்புத்தகத்தில் ‘காற்றுச் சுவாசம்’ ஏற்கெனவே இருப்பதால் ‘காற்றுச்சுவாசத் தகுதி’ என்பதே என் தெரிவு. நீளம்தான், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது. பேச்சில் நாங்கள் ‘தம்’ என்போம். நோயாளியிடம் வாயால் விளக்கும்போது நானும் அதையே சொல்கிறேன், தாளில் எழுதமாட்டேன்.

இன்னும் தீராதது ஒன்று: துடிப்பு ஏறி, ஓரிடத்தில் தரித்து நிற்கிறதே, அந்த நிலைக்குப் பெயர். ‘உறுதிநிலை’ என்று சிலர் எழுதுகிறார்கள். நோயாளியின் உடல்நிலை உறுதியாக இருக்கிறது என்று வைத்தியசாலையில் சொல்வதோடு அது மோதும். ‘தரிப்புநிலை’ என்று வைக்கலாமா? பஸ் தரிப்பிடம் நினைவுக்கு வருமென்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை. மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் இதில் கருத்துச் சொன்னால் அடுத்த வரைவில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அட்டனிலிருந்து