காய்ச்சல் விட்டாச்சு, மூச்சு மட்டும் இன்னும் வாங்குது: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

சேரன்மகாதேவி, தமிழாசிரியர்:

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல். வீட்டில் எல்லாருக்கும் வந்தது, எல்லாருக்கும் போனது. எனக்கும் காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது, இருமலும் இரைப்பும் மட்டும் தை பிறந்தும் போகவில்லை. பகலில் அவ்வளவாகத் தெரியாது. நடுராத்திரிக்கு மேல் நெஞ்சுக்குள் கீச் கீச்சென்று சத்தம் வரும், எழுந்து தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் அடங்கும். வகுப்பில் ஒரு விருத்தத்தை முழுசாகப் படிக்க முடியாமல் மூன்றாம் அடியில் மூச்சு முட்டி நிற்பேன், முன் பெஞ்சுப் பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்தை நடந்து ஏறுவதென்றால் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே ஏதோ வேடிக்கை பார்க்கிற மாதிரி நிற்பது வழக்கமாகிவிட்டது.

முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே சுத்தம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 98. “ஒண்ணும் இல்ல சார், டென்ஷனைக் குறைங்க” என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் ஆத்திரம்தான். அந்த மீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், அவ்வளவை ஏற்ற நெஞ்சு என்ன பாடுபடுகிறது என்று அதற்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் நிமோனியா தெரியும், நீர் கோத்தது தெரியும். மூச்சுக்குழாய் சுருங்கிச் சுருங்கி விரிவது அதில் எப்படித் தெரியும்?

அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன். அவர் ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொன்னார். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே மூச்சில் ஊதச் சொல்கிறார்கள். அந்தப் பொண்ணு “ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்” என்று பக்கத்தில் நின்று கத்துகிறது, நமக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது, திரையில் கோடு மட்டும் மேலே ஏறாமல் படுத்துக்கொள்கிறது. அப்புறம் குழாயை விரிக்கிற இன்ஹேலர் மருந்தை ஒரு பஃப் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். இரண்டாவது தடவை நன்றாகக் கூடியிருந்தது. மருந்துக்குக் குழாய் விரிகிறது, அதாவது சுருங்கித்தான் இருந்திருக்கிறது. டென்ஷன் இல்லை.

வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்துவிட்டுப் போய்விடுமாம். அது திரும்ப வளர்ந்து மூடுகிற வரைக்கும் குளிர்காற்று, தூசி, தாளிக்கிற நெடி, பலமாகச் சிரிப்பது எது பட்டாலும் புண்ணில் உப்புத் தண்ணீர் பட்ட மாதிரி குழாய் சிலிர்த்துச் சுருங்கும். கிருமி ஏற்கெனவே போய்விட்டதால் ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலை இல்லை. இருமல் பெரும்பாலானவர்களுக்கு 8 வாரத்துக்குள் தானாக அடங்கும், அதைத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும் என்றார்.

டாக்டர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். வீட்டில்தான் பெரிய பஞ்சாயத்து. “ஏலே, பம்பு புடிச்சா அப்புறம் விடவே முடியாதுலே” என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். மாத்திரை மில்லிகிராம் கணக்கு, வயிற்றுக்குப் போய் உடம்பெல்லாம் சுற்றும். இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு, நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பங்குனி வாக்கில் டாக்டரே குறைத்து நிறுத்திவிட்டார். மற்றவர்களுக்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்தார்கள்? எழுதுங்கள்.

முக்கூடல் பக்கம், பீடி சுற்றுகிறவள்:

சார் எழுதியதைப் படித்தேன். எனக்கும் காய்ச்சலுக்கு அப்புறம் இதே மூச்சுதான், ஆனால் கீச் சத்தம் இல்லை, ராத்திரி தொந்தரவும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நாலு எட்டு வைத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். மடியில் முறத்தை வைத்துப் பத்து வயதிலிருந்து புகையிலைத் தூளில் உட்கார்ந்திருக்கிறோம், நுரையீரல் போய்விட்டது என்றுதான் தெருவே பேசியது. மதினி அவள் வீட்டுக்காரர் பம்பையே கொண்டுவந்து நீட்டினாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா அதைத் தொடவிடவில்லை. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளியைச் சோதிக்கணும் என்று டப்பா கொடுத்தார்கள், அரசாங்கத்தில் அது இலவசம். காசநோய் இல்லை என்று வந்தது. ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் 7! ஏற்கெனவே இருந்த ரத்தசோகையைக் காய்ச்சல் வந்து வெளியே காட்டிக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். இரும்பு மாத்திரையில் மூச்சு சரியானது. அதைச் சாப்பிட்ட உடனே டீ குடிக்கக் கூடாது என்றார்கள், பீடி சுற்றுகிறவளை டீ இல்லாமல் இருக்கச் சொன்னால் எப்படி, அந்தக் கஷ்டம் வேறு.

களக்காடு, வாழை விவசாயம்:

நான் 2021 ஆள். கொரோனா இரண்டாவது அலை. ஸ்கேனில் நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் சிடி ஸ்கோர் 25-க்கு எத்தனை என்று ஊரே பரீட்சை மார்க் மாதிரி விசாரித்த காலம், ஞாபகம் இருக்கும். ஆக்சிஜன் வைத்து வீடு வந்தேன். மறு ஸ்கேனில் நிழல் எல்லாம் கலைந்துவிட்டது, ஊதிப் பார்த்ததும் சரி, ரத்தமும் சரி. ஆனால் தார் வெட்டிச் சுமக்க முடியவில்லை. அதைவிட மோசம், ஒரு நாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று வரப்பில் மண் அணைத்தால் அன்றைக்கு ஒன்றும் செய்யாது, மறுநாளோ அதற்கு மறுநாளோ கட்டிலோடு போட்டுவிடும். “நல்லா சாப்பிட்டு நடங்க அண்ணாச்சி, சோம்பலா இருந்தா இப்படித்தான்” என்று சொல்லாத ஆள் இல்லை. எனக்கு அது எதிர்மாறாகத்தான் வேலை செய்தது.

கொரோனா வந்து 3 மாதம் ஆன பிறகும் வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவு 2 மாதமாவது நீடித்தால் அதற்கு, அதாவது லாங் கோவிட்டுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தனியாக வரையறையே கொடுத்திருக்கிறது என்று பிஸியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரியும். கேட்டதும் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவர் கவனித்த இன்னொரு விஷயம்: நான் மூச்சு விட்டதே கோணல். பயத்தில் வாயைத் திறந்து, தோளை ஏற்றி, மேல் நெஞ்சில் மட்டும் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டிருந்தேன். விரல் நுனி மரமரவென்று இருந்தது அதனால்தானாம். கையை வயிற்றில் வைத்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து நிதானமாக வெளியே விடவேண்டும், உள்ளே இழுக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு. வேலையையும் பிரித்துக்கொண்டேன். களைத்துப்போன பிறகு உட்கார்வது இல்லை, களைப்பதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவது. இப்போது தோட்டத்தைச் சுற்றி வருகிறேன், தார் சுமக்க ஆள் வைத்திருக்கிறேன். முழுசாகச் சரியாகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அம்பாசமுத்திரம், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

கைக்குழந்தை விஷயம் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். சின்னவனுக்கு ஆர்எஸ்வி என்ற, மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்கப்புறம் ஒவ்வொரு சளிக்கும் இழுப்பு, விலா உள்ளே போய்ப் போய் வரும், பார்க்கவே முடியாது. எங்கள் வீட்டில் குளிப்பாட்டி முடித்ததும் ஆச்சி சாம்பிராணிப் புகை காட்டாமல் பிள்ளையைக் கையில் தரமாட்டார்கள். புகை கூடவே கூடாது, கொசுவர்த்தியும் கூடாது என்று டாக்டர் சொல்லியும் ஆச்சி கேட்கவில்லை, “உங்களையெல்லாம் நான் அப்படித்தாம்மா வளத்தேன்” என்று ஒரே பாட்டு. கடைசியில் டாக்டரிடமே ஆச்சியைக் கூட்டிப்போய் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக் கேட்க வைத்தோம். வெளியே வந்து ஒன்றுமே பேசவில்லை, தூபக்கால் பரணுக்குப் போய்விட்டது. கொசுவலை வந்தது.

தென்காசி:

சாரல் காலத்தில் எனக்கும் இது உண்டு. ஆடாதோடைக் கஷாயம் கேட்கும், ஏன் யாரும் சொல்லவில்லை?

சேரன்மகாதேவி, தமிழாசிரியர்:

நானும் குடித்தேன் தம்பி, சளி இளகியது, ராத்திரி இழுப்பு நிற்கவில்லை. குடிப்பதென்றால் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் காட்டிவிட்டுக் குடியுங்கள், இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முக்கூடல் அம்மா எழுதியதைப் பார்த்தால் புரியும், ஒரே மூச்சிரைப்புக்கு இங்கே ஆளுக்கு ஒரு காரணம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மருந்தை வாங்கிப் போட்டால் எப்படிச் சரியாகும்? நர்ஸ் யாராவது இருந்தால் ஒரு சந்தேகம்: பஃப் எடுத்த பிறகு எனக்கு நாக்கில் வெள்ளையாகப் படிந்தது, குரலும் கம்மியது.

வள்ளியூர் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ்:

அது ஸ்டீராய்டு பஃப் வாயில் தங்குவதால் வரும் பூஞ்சை சார். எடுத்ததும் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், விழுங்கக் கூடாது. ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் மாட்டுகிற குடுவை, வைத்து எடுத்தால் வாயில் படிவது குறையும், மருந்தும் நெஞ்சுக்கு அதிகம் போகும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிடுங்கள், துணியால் உள்ளே துடைத்தால் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே படிந்ததற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். திடீரென்று மூச்சு முட்டி மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இங்கே எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால் சரியாகிறது, இரண்டு காலும் வீங்குகிறது என்றால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஈசிஜியும் எக்கோவும். ஆக்சிமீட்டர் வைக்கிறவர்கள் நகப்பூச்சை அழித்து, விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கிற வரை பொறுத்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதாது, கொஞ்சம் நடந்துவிட்டும் பாருங்கள். நடந்தால் எண் சரசரவென்று இறங்குகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.