2147483647: கணினியின் உச்ச எண் முதன்மை எண்ணாக இருப்பது ஏன்?

கொட்டகலை கோடர்:
32 பிட் கணினியில், அதாவது எண்ணை 0 அல்லது 1 போடும் 32 இடங்களில் எழுதும் கணினியில், முழு எண்ணின் உச்சம் 2147483647. 2038 ஜனவரி 19 காலை 8.44.07-க்கு, நம்ம நேரப்படி, நொடிகளை எண்ணிக்கொண்டு வரும் பழைய கணினிக் கடிகாரங்கள் முட்டி நிற்கப்போவதும் இதில்தான். இது ஒரு முதன்மை எண். காரணிகளாக உடையாத எண் என்பதால்தான் எல்லையாக வைத்தார்கள். டியூஷன் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்கிறேன்.

ஹட்டன் கணக்கு சேர்:
பிள்ளைகள் பாவம். 32 பிட்டில் ஒன்று பிளஸ் மைனஸுக்குப் போனால் மிச்சம் 31. எல்லாவற்றிலும் 1 போட்டால் 2^31−1. அவ்வளவுதான் கதை. 16 பிட்டின் உச்சம் 32767, அதாவது 7 × 31 × 151. உடைகிறதே?

கொட்டகலை கோடர்:
8 பிட்டின் உச்சம் 127 முதன்மை எண்தானே சேர்? உங்களுக்குத் தோதானதை மட்டும் பொறுக்குகிறீர்கள்.

ஹட்டன் கணக்கு சேர்:
சுட்டியை, அதாவது 2-இன் அடுக்கைப் பாருங்கள். 127-க்கு 7, 2147483647-க்கு 31. இரண்டும் முதன்மை. 32767-க்கு 15. சுட்டி உடைந்தால் 2^n−1 கட்டாயம் உடையும். 64 பிட்டின் 2^63−1-உம் 7 ஆல் வகுபடுகிறது.

கொட்டகலை கோடர்:
சரி, அப்போ சுட்டி முதன்மையாக இருந்தால் போதும்.

ஹட்டன் கணக்கு சேர்:
போதாது. 2^11−1 = 2047 = 23 × 89.

டயகம தம்பி:
சேர், எனக்கு வேறு சந்தேகம். 2147483647 முதன்மை எண் என்று 1772-இலேயே கணித மேதை ஆய்லர் காட்டிவிட்டாராம். கணினி கிடையாது, கண்ணும் அநேகமாகப் போய்விட்ட காலம். வகுத்துப் பார்க்க வேண்டியது வர்க்கமூலம் வரைதான்; அது 46341-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 4792 முதன்மை எண்கள். அத்தனையாலும் வகுத்தார் என்றால் நம்புகிற மாதிரி இல்லை.

ஹட்டன் கணக்கு சேர்:
அத்தனையும் தேவையில்லை தம்பி. q என்ற முதன்மை எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி q ஆல் வகுத்து மீதி எடுத்தால், 31ஆவது தடவை மீதி 1. 31 முதன்மை என்பதால் அதற்கு முன்னால் 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி q−1-ஆவது தடவையும் 1 வரவேண்டும். ஆகவே q−1-ஐ 31 வகுக்கும். q ஒற்றை; எனவே 62-உம் வகுக்கும். இன்னொரு சல்லடையும் உண்டு: q-ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் q என்பது 248k+1 அல்லது 248k+63. 46341-க்குள் இப்படி வருபவை, 63-ஐ (7 × 9) விட்டால், 372. அவற்றிலும் முதன்மை அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம்.

கொட்டகலை கோடர்:
எல்லை விஷயத்தில் நான் சொன்னது தப்பு, பிள்ளைகளிடம் திருத்திச் சொல்கிறேன். ஆனால் கையால் செய்தார் என்பதை இன்னும் நம்பவில்லை. சின்னப் பிழை போதுமே?

டயகம தம்பி:
இங்கே மழை, கரண்டும் இல்லை. மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்துவிட்டேன் அண்ணே. 249 தேவையில்லை, 3 ஆல் போகும். 311: மீதி 35. அடுத்த முதன்மை 1303: மீதி 226. இப்போ 1489.