செய்தி போட்டதால் (அல்லது போட முடியாததால்) உங்களுக்கு நடந்தது என்ன?

கடைமடை:
2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் தளத்தை முடக்கியபோது எல்லாரும் கொதித்தோம், சரிதான். தாலுகா நிருபர்களுக்கு நடப்பது வெளியே தெரிவதே இல்லை. தூர்வாரும் பணி விவகாரம். மண்வெட்டியே படாத வாய்க்காலுக்கு பில் பாஸாகியிருந்தது. ஆர்டிஐயில் வாங்கிய எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல் என் கையில் இருந்தது. ஒப்பந்ததாரர் எந்தப் பிரமுகருக்கு வேண்டியவர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாவட்டப் பக்கத்தில் மூன்று காலம் (பத்தி) செய்தி என்றார்கள். சாயங்காலம் போன் வந்தது, எனக்கு அல்ல, விளம்பரப் பிரிவுக்கு. மறுவாரம் அந்தப் பிரமுகரின் பிறந்தநாள், முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் புக் ஆகியிருந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் பக்கத்தின் பிடிஎஃப் வந்தது. என் செய்தி இருந்த இடத்தில் ஒரு கும்பாபிஷேகம். அதே மூன்று காலம், அதே உயரம். கேட்டால், “நாளைக்குப் பார்க்கலாம் தம்பி” என்றார்கள். எனக்குச் சம்பளம் கிடையாது, விளம்பர கமிஷன்தான். அந்த வாழ்த்துக்கும் கமிஷன் வந்தது. வாய்க்காலைக் கூட்டிப்போய்க் காட்டிய விவசாயி இன்னமும் டீக்கடையில் “பேப்பர்ல எப்ப வரும்?” என்று கேட்கிறார்.

பிசிஆர் ஷிப்ட்:
நான் டிவி சேனலின் கண்ட்ரோல் ரூமில் (பிசிஆர்) வேலை. எங்களுக்கு அழுத்தம் கேபிள் வழியாக வந்தது. விவாதத்தில் ஆளுங்கட்சிப் பேச்சாளர் பாதியில் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை அம்மா போன் செய்தார்: “உங்க டிவி வரலையேடா, அந்த நம்பர்ல பாட்டு ஓடுது.” உத்தரவு, கடிதம் எதுவும் கிடையாது. எங்கள் சேனலை எங்கேயோ பின்னால் தள்ளியிருந்தார்கள். அப்புறம் பழைய நம்பர் கிடைத்தது. ஆனால் அந்த நெறியாளர் இரவு விவாதத்துக்குத் திரும்பவில்லை, காலை ராசிபலனுக்கு அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார். 2018 ஜூனில் கோவையில் நடத்திய விவாதத்துக்காக புதிய தலைமுறை மீது வழக்கே போட்டார்கள். அதற்காவது எஃப்ஐஆர் என்று ஒரு தாள் இருக்கிறது, எதிர்த்து நிற்கலாம். நம்பர் மாறியதற்கு யார் மீது மனு போடுவது?

பழைய டெஸ்க்:
தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. விளம்பரத்துக்காகச் செய்தியை எடுப்பது முதலாளியின் கோழைத்தனம். அதை அரசின் ஒடுக்குமுறையோடு சேர்க்காதீர்கள். 1987இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். 2003 நவம்பரில் ‘தி இந்து’ நாளிதழின் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் அதே சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது. போலீஸ் அண்ணா சாலை அலுவலகத்துக்கே போனது. உச்ச நீதிமன்றம் தடை போட்டதால்தான் யாரும் உள்ளே போகவில்லை. அதுதான் அழுத்தம்.

என் மேல் ஓர் அவதூறு வழக்கு இருந்தது. சாதாரண மனிதன் அவதூறு வழக்குப் போட்டால் அவனே வந்து கூண்டில் ஏற வேண்டும். அமைச்சருக்காக என்றால் அரசு வழக்கறிஞரே அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுத்துவிடுவார், அரசாங்கச் செலவில். டவாலி (நீதிமன்றச் சேவகர்) பெயரைக் கூப்பிடுவார், நான் போய் நிற்பேன், அடுத்த வாய்தா தேதியைச் சொல்வார்கள், வெளியே வருவேன். விசாரணை தொடங்கவே இல்லை. இப்படி வந்த பல புகார்களை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021 ஜூலையில் புது அரசு 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. என்னோடு அந்தக் கூண்டில் நின்ற எங்கள் ஆசிரியர் அதைப் பார்க்க இல்லை.

ஃபோட்டோ அக்கா:
கடைமடை தம்பிக்குத்தான் எழுதுகிறேன். ஒரு மறியலில் என் கேமராவைப் பிடுங்கிய இன்ஸ்பெக்டர், நான் பார்க்கப் பார்க்க தடியடிப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார், கட்டைவிரலால், பொறுமையாக. என் கதை அவ்வளவுதான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. எம்-புக் நகலை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வை, ஒன்று உன் வீட்டில் இருக்கவே கூடாது. ஆர்டிஐ பதில் வந்த கவரைத் தூக்கிப் போடாதே, தபால் முத்திரை வேண்டும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று போனில் சொன்னால், உடனே “நீங்கள் சொன்னபடி செய்தி நிறுத்தப்பட்டுள்ளது” என்று நீயே மெயில் போடு. அதிகாரியிடம் கருத்துக் கேட்டதற்குத் தேதியோடு சான்று வைத்துக்கொள், அவதூறு வழக்கு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500 போய் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 356 வந்துவிட்டது, தண்டனை அதே இரண்டு வருடம் வரை. போலீஸ் போனைக் கேட்டால், மகஜர் (பறிமுதல் குறிப்பு) எழுதிக் கையெழுத்துப் போட்டு நகல் கொடுக்காமல் தராதே. முக்கியமாக, அந்த விவசாயியின் பெயர் உன் குறிப்பேட்டில் இருந்தால் இன்றே அடித்துவிடு.

கடைமடை:
அக்கா, பெயரை அடித்துவிட்டேன். ஸ்கேனும் செய்கிறேன்.

டெஸ்க் ஐயா, உங்களுக்கு வாய்தா போட்டார்கள் என்றால் உங்கள் செய்தி அச்சாகியிருந்தது, ஊரே படித்தது. என் செய்தி வரவே இல்லை. கோழைத்தனம் முதலாளியுடையதாக இருக்கலாம், அந்தப் போன் எங்கிருந்து வந்தது? அதே வாய்க்காலுக்கு இந்த வருஷமும் டெண்டர் விட்டிருக்கிறார்கள்.