புதுப்பிப்பு: தொடக்கப்பள்ளி எல்லை மாற்றம், முடிவு வந்துவிட்டது

டெக்சாஸில் எங்கள் குடியிருப்பை வேறு தொடக்கப்பள்ளிக்கு மாற்றப் போகிறார்கள், அங்கே தரம் குறைவு என்று கவலைப்பட்டு எழுதியிருந்தேன். பள்ளி வாரியம் மாற்றத்தை நிறைவேற்றிவிட்டது. ஐந்தாம் வகுப்புக்குப் போகிறவர்கள் மட்டும் பழைய பள்ளியிலேயே தொடரலாம், ஆனால் பஸ் கிடையாது. என் மகள் மூன்றாம் வகுப்பு, மாறியே ஆக வேண்டும்.

சரி, புதிய பள்ளியை நேரில் போய்ப் பார்த்தோம். ஒரு ஆசிரியை நான்கு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லி, தடுமாறிய சொற்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாதிக் கவலை அங்கேயே போய்விட்டது.

மாநிலம் தரும் ஏ, பி, சி தரத்தை மட்டும் பார்க்காதீர்கள். தேர்ச்சி, முன்னேற்றம் இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் அதில் 70 சதவீதம். அதனால் இரண்டில் குறைவானது அந்தத் தரத்தில் தெரியாமல் போகலாம்; முன்னேற்ற மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். இந்தப் பள்ளியில் அது நன்றாகவே இருக்கிறது. புதிய பள்ளிக்கான பஸ் வழித்தடம் மட்டும் இன்னும் வரவில்லை, கேட்டு எழுதியிருக்கிறோம்.