அம்மோரே எ மலவீத்தா – சப்டைட்டில் ஒட்ட மாட்டேங்குது, அவசரம்!

வேப்பம்பூ:
இன்னைக்கு ராத்திரி இந்த இத்தாலியப் பாட்டுப் படத்தை வீட்ல எல்லாரும் பார்க்கப் போறோம். சவப்பெட்டிக்குள்ள பொணம் பாடுற முதல் பாட்டு வரைக்கும் ஓகே. ஓட்டிப் பார்த்தா, ஆஸ்பத்திரியில நர்ஸ் பாடுறப்போ கீழ வேற யாரோ பேசின வசனம் ஓடுது. என்ன பண்ணலாம்?

ரீல்ராஜா:
எந்த பிளேயர்? சப்டைட்டில் தனி ஃபைலா? முந்துதா, பிந்துதா?

கணினிக்கிறுக்கன்:
ராம் பத்தல. நாலு ஜிபின்னா இப்படித்தான்.

ரீல்ராஜா:
ராம் பத்தலேன்னா படமே திக்கும் பாஸ். வசனம் மட்டும் எப்படிப் பிந்தும்?

பழையகொட்டகை (மூத்த உறுப்பினர்):
இதுக்கு நூறு தடவை பதில் சொல்லியாச்சு. மேல தேடுற பெட்டி வெச்சிருக்கிறது அழகுக்கா?

வேப்பம்பூ:
விஎல்சி. சப்டைட்டில் தனி எஸ்ஆர்டி ஃபைல். பிந்துது. சப்டைட்டிலை முன்ன பின்ன நகர்த்துற ஜி, எச் ரெண்டு கீயும் அழுத்திப் பார்த்தாச்சு. கொஞ்ச நேரம் சரியா வந்து மறுபடி பிந்துது.

ரீல்ராஜா:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா! ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம் போல பிந்துதுன்னா உங்க வீடியோ செகண்டுக்கு 25 ஃபிரேம் (படம்) ஓடுது, சப்டைட்டில் 23.976-க்கு எழுதினது. ஐரோப்பிய டிவிடி 25லதான் ஓடும். ஜி, எச் மொத்தத்தையும் ஒரே அளவு நகர்த்தும், அவ்வளவுதான். 'சப்டைட்டில் எடிட்'ங்கிற சாஃப்ட்வேர்ல ஃபைலைத் திறந்து, ஃபிரேம் ரேட் மாத்துற இடத்துல 23.976லிருந்து 25ன்னு குடுத்து சேவ் பண்ணுங்க.

சில்வண்டு:
அந்த ஆஸ்பத்திரிப் பாட்டு ஃபிளாஷ்டான்ஸ்ங்கிற ஹாலிவுட் படப் பாட்டோட அப்பட்டமான காப்பி. இதுக்கெல்லாம் விருது வேற.

பழையகொட்டகை:
தெரிஞ்சு பேசணும் தம்பி. 2018 டேவிட் டி டொனாடெல்லோல (இத்தாலிய சினிமா விருது) பாட்டுக்கான விருது வாங்கினது இதே படத்துல வர்ற 'பேங் பேங்'. நீங்க சொல்றது அந்த 1983 ஃபிளாஷ்டான்ஸ் பாட்டுக்கு இத்தாலியோட நேப்பிள்ஸ் ஊர்ப் பேச்சுல வரி எழுதி செரீனா ரோஸ்ஸி பாடினது. மூல மெட்டு போட்ட ஜார்ஜியோ மொரோடரே இத்தாலிக்காரர்தான்.

சில்வண்டு:
நம்மாளு செஞ்சா திருட்டு, இந்தப் படத்தை எடுத்த மானெட்டி சகோதரர்கள் செஞ்சா மரியாதை. நல்லா இருக்கு நியாயம்.

பழையகொட்டகை:
ஒளிச்சு வெச்சாத்தான் திருட்டு. இந்தப் படமே சினிமாப் பைத்தியத்தைப் பத்தினது. படத்துல வர்ற தாதா டான் வின்சென்சோ செத்த மாதிரி நடிக்கிற யோசனையை அவர் பொண்டாட்டி மரியா ஜேம்ஸ் பாண்ட் படத்துல இருந்துதான் சுடுறா. அதுக்கப்புறம் அந்த நர்ஸ்…

ரீல்ராஜா:
யோவ்! அவங்க இன்னும் படமே பார்க்கல!

வேப்பம்பூ:
25 குடுத்தேன், ஒட்டிருச்சு. நன்றி ரீல்ராஜா. கதையை மட்டும் நிறுத்துங்க ப்ளீஸ்.

கணினிக்கிறுக்கன்:
எதுக்கும் ராமையும் ஒரு தடவை பார்த்துருங்க.