கேபிளைப் பிடுங்கினால் சர்வர் அடுத்த போர்ட்டுக்கு மாறவில்லை – உதவி வேண்டும்

கேள்வி (அம்பாசமுத்திரம்)
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் அரிசி ஆலையில் எடைமேடைக் கணக்கும் பில்லும் ஒரே உபுண்டு சர்வரில்தான் ஓடுகின்றன. போன பருவத்தில் எலி கேபிளைக் கடித்துவிட, நெல் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. அதனால் சர்வரின் இரண்டு நெட்வொர்க் போர்ட்டையும் நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) பாண்ட்0 என்று ஒரே இணைப்பாகச் சேர்த்து, ஆக்டிவ்-பேக்அப் முறை (ஒரு போர்ட் ஓடும், அது போனால் மற்றது எடுத்துக்கொள்ளும்) கொடுத்தேன். இரண்டு கேபிளும் தனித்தனி ஸ்விட்சுக்குப் போகின்றன. எல்லாம் ஓடுகிறது; ஆனால் ஆக்டிவாக இருக்கும் கேபிளைப் பிடுங்கினால் பிங் நின்றுவிடுகிறது, திரும்பச் செருகினால்தான் வருகிறது. இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் ஓடும் எல்ஏசிபி முறைக்கு மாற்றட்டுமா? பிசான அறுவடைக்குள் முடித்தாக வேண்டும்.

பதில் (பாளையங்கோட்டை)
எல்ஏசிபி வேண்டாம் தம்பி. அதை ஸ்விட்சிலும் அமைக்க வேண்டும். அதுவும் இரண்டு ஸ்விட்சுக்குப் பிரித்துக் கட்ட, அவை ஒரே ஸ்விட்சாகச் சேர்ந்து இயங்கும் விலை கூடிய ரகமாக இருக்க வேண்டும். சாதா ஸ்விட்சுக்கு உங்கள் முறையே சரி. சர்வரில் ப்ராக் ஃபோல்டர், அதற்குள் நெட், அதற்குள் பாண்டிங் என்று போய் பாண்ட்0 கோப்பைப் பாருங்கள். எம்ஐஐ போலிங் இன்டர்வெல் (கேபிள் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளி) எவ்வளவு?

கேட்டவர்
0 அண்ணாச்சி. கேபிளைப் பிடுங்கின பிறகும் முதல் போர்ட்தான் ஆக்டிவ் என்கிறது.

பதில் (பாளையங்கோட்டை)
அதுதான் விஷயம். 0 என்றால் கேபிள் இருக்கிறதா போய்விட்டதா என்று பாண்ட் பார்ப்பதே இல்லை. நாமாகக் கொடுக்காவிட்டால் நெட்பிளானில் 0தான். பாண்டின் பாராமீட்டர்ஸ் பகுதியில் எம்ஐஐ மானிட்டர் இன்டர்வெலை 100 என்று வையுங்கள். 100 மில்லி செகண்டுக்கு ஒருமுறை பார்க்கும். ஒன்று, மாற்றத்தைச் சோதித்துவிட்டுப் பழையபடி திருப்பும் நெட்பிளான் ட்ரை கட்டளை இங்கே உதவாது. பாண்ட் அமைப்பை அது பழையபடி திருப்பித் தராது. வீட்டிலிருந்து மாற்றாமல், மானிட்டரும் கீபோர்டும் மாட்டி சர்வர் முன்னால் உட்கார்ந்து நெட்பிளான் அப்ளை கொடுங்கள். அப்புறமும் 0 என்றே காட்டினால் ரீபூட் செய்யுங்கள்.

பதில் (தென்காசி)
இரண்டு கேபிளும் ஒரே பைப்பில் போகிறதா? போனால் எலிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றைக் கூரை வழியாகவும் மற்றதைச் சுவர் வழியாகவும் கொண்டு போங்கள். இரண்டு ஸ்விட்சும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் அதையும் பிரியுங்கள்.

கேட்டவர்
ரீபூட்டுக்குப் பிறகு 100 வந்துவிட்டது. கேபிளைப் பிடுங்கினேன், பில் போடுகிறவருக்குத் தெரியவே இல்லை. இரண்டாவது போர்ட் ஆக்டிவ் ஆகிவிட்டது. பைப் ஒன்றுதான், நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார். இன்னொரு சந்தேகம்: சர்வர் கேபிள் நன்றாக இருந்து, ஸ்விட்சிலிருந்து எடைமேடைக்குப் போகிற கேபிள் அறுந்தால்?

பதில் (பாளையங்கோட்டை)
அதை எம்ஐஐ கண்டுபிடிக்காது. சர்வர் பக்கம் விளக்கு எரிந்தால் போதும், அதற்கு எல்லாம் நலம். நீங்கள் கேட்ட சிக்கலுக்கு ஏஆர்பி கண்காணிப்பு இருக்கிறது: குறிப்பிட்ட ஐபிகளைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும். அதைப் போட்டால் எம்ஐஐ வரியை எடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. ரவுட்டர் ஐபியை மட்டும் கொடுக்காதீர்கள்; ரவுட்டர் அணைந்தால் இரண்டு போர்ட்டும் செத்ததாக எடுத்துக்கொள்ளும். எடைமேடைக் கணினியின் ஐபியையும் சேர்த்துக் கொடுங்கள்.